ஒழுங்கையிலிருந்து சபை அமர்வுவரை: உள்ளூராட்சிக் கொள்கையை மக்களோடு சேர்ந்து வகுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

பிரதேச சபை, நகர சபை உத்தியோகத்தர்களுக்கும், புதிதாகத் தெரிவான உறுப்பினர்களுக்கும், அவர்களோடு சேர்ந்து வேலை செய்ய முன்வரும் சனசமூக நிலையத்தாருக்கும் இதை எழுதுகிறேன். யாழ்ப்பாண மாவட்டத்தில் 1 மாநகர சபை, 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள் இருக்கின்றன. இங்கே சொல்லும் முறையை எந்தச் சபையும் தன்னிடம் இருக்கும் ஆளணியோடு செய்யலாம்.

இந்த முறை இரண்டில் நிற்கிறது: வடிவமைப்புச் சிந்தனை, திறந்த முறை. வடிவமைப்புச் சிந்தனை என்ற சொல் பலரை மிரட்டுகிறது. ஒரு விதியோடு வாழப்போகிறவரின் வாசலில் நின்று பார்த்துவிட்டு விதியை எழுதுவது, எழுதியதைச் சிறிய அளவில் செய்து பார்ப்பது, பிழைத்தால் திருத்துவது: இவ்வளவுதான் அதன் பொருள். திறந்த முறை என்பது இந்த வேலை முழுவதையும், பிழைகள் உட்பட, யாரும் பார்க்கவும் கேள்வி கேட்கவும் கூடியபடி செய்வது.

உதாரணமாக, வலிகாமத்துப் பிரதேச சபையொன்றில் வீட்டுக் குப்பை சேகரிக்கும் முறையை நாங்கள் மாற்றிய வேலையை எடுத்துக்கொள்கிறேன். சந்தைக் கட்டணம், வெள்ளவாய்க்கால், கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையிலான தூரம் என்று எதை எடுத்தாலும் படிகளின் வரிசை இதுதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

முதலில் எழுத்தில் ஓர் அனுமதி வேண்டும். தவிசாளரும் செயலாளரும் கையொப்பமிட்ட ஒரு பக்கக் கடிதம் போதும். எதைப் பற்றிய வேலை, எவ்வளவு காலம், முடிவில் சபை என்ன செய்யும் என்ற மூன்றும் அதில் இருக்கவேண்டும். மூன்றாவதைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். "பெறுபேறு சபை அமர்வின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கப்படும், ஏற்றாலும் மறுத்தாலும் காரணம் கூட்டறிக்கையில் பதியப்படும்" என்ற ஒரு வரியை எழுதி வாங்குங்கள். 2009க்குப் பிறகு எங்கள் சனம் நிரப்பாத படிவம் இல்லை. மீள்குடியேற்றம், வீட்டுத்திட்டம், வாழ்வாதாரம் என்று எத்தனையோ பேர் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். "இது எதற்கு?" என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. காட்டுவதற்கு உங்கள் கையில் அந்த வரி இருக்கவேண்டும்.

அடுத்தது அதிகார எல்லை. ஒரு தாளில் மூன்று நிரல்கள் போடுங்கள்: நாமே மாற்றக்கூடியது, பிற திணைக்களத்திடம் கேட்டுப் பெறக்கூடியது, நம்மால் தொடவே முடியாதது. குப்பை அகற்றுவது சபையின் கடமை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் அது இருக்கிறது. ஆனால் குப்பை குவிந்து கிடக்கும் பிரதான வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையதாக இருக்கலாம். இந்தத் தாள் இல்லாமல் கூட்டத்துக்குப் போகிறவர், தரமுடியாததைத் தருவதாகச் சொல்லிவிட்டு வருவார்.

பிறகு நாள்காட்டி. சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசெம்பரில் முடிகிறது. மாற்றத்துக்குப் பணம் வேண்டுமென்றால், அடுத்த ஆண்டின் பாதீட்டு வரைவு எழுதப்படும் முன் பெறுபேறு கையில் இருக்கவேண்டும். ஆகவே தை, மாசியில் தொடங்குங்கள். புரட்டாதியில் தொடங்கினால் கள வேலை மாரி மழையில் மாட்டிக்கொள்ளும். பாதீடும் கைதவறிப் போகும்.

கடைசியாகக் குழு. ஐந்து பேர் போதும்: பொறுப்பான உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குப்பை வண்டியை இழுக்கும் உழவு இயந்திரத்தின் சாரதி, குப்பை அள்ளும் தொழிலாளி ஒருவர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலிருந்து ஒரு பெண். தொழிலாளியையும் சாரதியையும் கடமை நேரத்திலேயே குழுவில் அமர்த்துங்கள். வேலை முடிந்து களைத்து வந்தவரைக் கூட்டத்தில் இருத்தினால் அவர் வாய் திறக்கமாட்டார். இந்த வேலையில் எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவர்கள் அவர்கள் இருவரும்தான்.

2. கேள்வியை எழுதுங்கள், தீர்வை எழுதாதீர்கள்

புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இது. "குப்பைத் தொட்டிகள் வைப்பதற்கான திட்டம்" என்று கோப்புக்குத் தலைப்புப் போட்டுவிட்டால் முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு யாரிடம் என்ன கேட்டாலும் தொட்டியின் நிறத்தைப் பற்றித்தான் பேச்சு நடக்கும்.

தலைப்பைக் கேள்வியாக வையுங்கள். நாங்கள் எழுதிய முதற் கேள்வி, "மக்கள் ஏன் குப்பையை ஒழுங்கை முடக்கில் போடுகிறார்கள்?" அதுவும் பிழையான கேள்விதான். பழியை முன்கூட்டியே மக்கள்மீது போட்டுவிட்டது. ஆனாலும் கேள்வியாக இருந்ததால் பின்னர் திருத்த முடிந்தது.

3. சபையின் அலுமாரியில் இருப்பதை முதலில் படியுங்கள்

வீடுகளுக்குப் போகும் முன் முறைப்பாட்டுப் புத்தகத்தையும், வாகனங்களின் ஓட்டப் பதிவேட்டையும், எரிபொருள் கணக்கையும், கணக்காய்வு வினாக்களையும் எடுத்துப் பாருங்கள். சபை ஏற்கெனவே அறிந்துவைத்திருப்பதை மக்களிடம் கேட்பது அவர்கள் நேரத்தைத் திருடுவதாகும்.

நீங்கள் சபைக்கு வெளியே இருப்பவர் என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் எடுக்கவேண்டும். "குப்பை பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்காமல், "இன்ன மாதத்தின் வாகன ஓட்டப் பதிவேட்டுப் பிரதி" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பெயர் சொல்லிக் கேட்டதை இல்லையென்று சொல்வது கடினம்.

படித்ததை அட்டவணையாக்கி அன்றே வெளியிடுங்கள். திறந்த முறை இந்தப் படியிலேயே தொடங்குகிறது, கடைசியில் அல்ல. வெளியிடும்போது இரண்டு பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. கடிதத்தைப் படமெடுத்துப் போடுவது ஒன்று. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பை அப்படியே போடுவது மற்றது. இன்னொருவரின் கணினியில் அது வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும், தேடவும் முடியாது. யுனிகோட் தமிழுக்கு மாற்றிவிட்டுப் போடுங்கள். முறைப்பாட்டாளர்களின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் மூன்றையும் முதலில் நீக்கிவிடுங்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், அயலவரைப் பற்றி முறையிட்டவரின் பெயர் வெளியே வந்தால் அந்த ஒழுங்கையில் அவர் நிம்மதியாக இருக்கமுடியாது.

4. வண்டியின் பின்னால் போங்கள், பிறகு படலையைத் தட்டுங்கள்

எல்லாவற்றிலும் அதிக நேரம் எடுக்கவேண்டிய படி இது. அவசரப்பட்டால் மற்றவை எல்லாம் வீண்.

முதல் மூன்று நாளும் யாரையும் எதுவும் கேட்காதீர்கள். காலையில் சபை முற்றத்திலிருந்து வண்டியோடு புறப்பட்டு, அது திரும்பும்வரை கூடவே போங்கள். எங்கே நிற்கிறது, எங்கே நிற்காமல் போகிறது, எந்த ஒழுங்கைக்குள் திரும்பமுடியாமல் முடக்கில் காத்திருக்கிறது என்று நேரத்தோடு குறியுங்கள். சாரதி சொல்வது, பதிவேடு சொல்வது, கண்ணால் காண்பது மூன்றும் பொருந்தாது. யாரும் பொய் சொல்வதால் அல்ல. பழகிய வேலையின் சிறு மாற்றங்கள் செய்கிறவருக்கே தெரிவதில்லை.

இரண்டாம் நாள் கண்டதை இங்கே சொல்லவேண்டும். ஒரு வயோதிப அம்மா தன் குப்பையை உரப்பையில் கட்டி, வேலிக் கதியாலில் உட்பக்கமாகத் தொங்கவிட்டிருந்தார். வெளியே வைத்தால் நாய் கிழித்துவிடும். கிடுகு வேலிக்குப் பின்னால் தொங்கும் பை வண்டியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. உழவு இயந்திரத்தின் சத்தம் கேட்டு அவர் விறாந்தையிலிருந்து எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து, பையை அவிழ்த்து, படலையின் கயிற்றை எடுக்க ஏறத்தாழ ஒரு நிமிடமாகிறது. வண்டி அதற்குள் அடுத்த முடக்கைத் தாண்டிவிட்டது. அந்தப் பை அன்று மாலை பேரனின் சைக்கிளில் ஏறி, வெளிநாட்டில் இருப்பவருடைய பற்றைபிடித்த காணிக்குள் போய் விழுந்தது. சபையின் பதிவேட்டில் அந்த ஒழுங்கை "சேகரிக்கப்பட்டது". முறைப்பாட்டுப் புத்தகத்தில் அந்தக் காணி "பொறுப்பற்றவர்கள் குப்பை கொட்டும் இடம்". இரண்டும் ஒரே பையைப் பற்றிய பதிவுகள்.

நான்காம் நாளிலிருந்து வீடுகளுக்குப் போங்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து வீடுகள் போதும், ஆனால் அவை ஒன்றுபோல் இருக்கக்கூடாது. வேலைக்குப் போகும் தம்பதியர், தனியாக இருக்கும் முதியவர், வாடகைக்கு இருக்கும் மாணவர்கள், சாப்பாட்டுக்கடைக்காரர், தோட்டக்காரர், ஒழுங்கையின் கடைசி வீடு, வெளிநாட்டவரின் காணியைப் பார்த்துக்கொள்ளும் உறவினர் என்று தெரிவு செய்யுங்கள். கிராம அலுவலரிடம் வீடுகளின் விபரத்தைக் கேட்டு அறியலாம். ஆனால் அவரை முன்னே விட்டுக்கொண்டு போகாதீர்கள். அவர் வந்தால் பேச்சு நிவாரணத்துக்கும் பதிவுக்கும் திரும்பிவிடும்.

கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். "குப்பையை எப்படி அகற்றுகிறீர்கள்?" என்று கேட்டால் "சபை வண்டியில்தான்" என்று மரியாதைக்குப் பதில் வரும். "நேற்றுச் சமைத்த பிறகு மிஞ்சிய மீன் செதிலும் மரக்கறித் தோலும் எங்கே போயின?" என்று கேளுங்கள். நேற்றைய நாளைக் கேட்டால் நடந்ததைச் சொல்வார்கள். பொதுவாகக் கேட்டால் நடக்கவேண்டியதைச் சொல்வார்கள். வினாக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு டிக் போடாதீர்கள். ஒருவர் பேச, மற்றவர் எழுதட்டும். அனுமதி இல்லாமல் படம் வேண்டாம், முகம் தெரியும் படம் வேண்டவே வேண்டாம். தேநீர் தந்தால் இருந்து குடியுங்கள். குவளை காலியாகும் நேரத்தில்தான் உண்மையான கதை வெளிவரும்.

5. கண்டதைச் சுவரில் ஒட்டிக் கேள்வியைத் திருத்துங்கள்

ஒவ்வொரு கவனிப்பையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிச் சபை மண்டபச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு துண்டில் ஒரு விடயம் மட்டும். "மக்களிடம் விழிப்புணர்வு இல்லை" என்று எழுதிய துண்டுகளைக் கழற்றி எறியுங்கள். அது கவனிப்பு அல்ல, தீர்ப்பு. யார், எங்கே, எப்போது, என்ன செய்தார் என்று எழுதிய துண்டுகள் மட்டும் சுவரில் நிற்கலாம்.

பிறகு குழுவாகச் சேர்ந்து, ஒரே காரணத்தால் வரும் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்துங்கள். எங்கள் சுவரில் மூன்று தொகுதிகள் உருவாயின: வண்டியின் நேரம் தெரியாதவர்கள், வண்டி நுழையாத ஒழுங்கையில் இருப்பவர்கள், வண்டி வரும் வேளையில் வீட்டில் ஆள் இல்லாதவர்கள். முதற் கேள்வியைத் தூக்கிவிட்டு இப்படி எழுதினோம்: "நேரம் தெரியாதவரும், ஒழுங்கையின் உள்ளே இருப்பவரும், பகலில் வேலைக்குப் போகிறவரும் தங்கள் குப்பையைச் சபையிடம் ஒப்படைக்க என்ன வழி செய்யலாம்?" முதற் கேள்விக்கு விடை தண்டப்பணம். இந்தக் கேள்விக்கு விடை வண்டியின் நேர அட்டவணையில் இருந்தது.

சுவரைப் படமெடுத்து, பெயர்கள் இல்லாமல் வெளியிடுங்கள். பேட்டி தந்த வீடுகளுக்கு நேரில் போய்க் காட்டுங்கள். "நான் சொன்னதைப் பிழையாக எழுதியிருக்கிறீர்கள்" என்று ஒருவர் சொன்னால் அது பெரிய வெற்றி.

6. கூட்டத்தை எங்கே வைக்கிறீர்கள் என்பதில் பாதி முடிவு இருக்கிறது

கோயில் மண்டபம் பெரியது, இலவசம், மின்விசிறி உண்டு. ஆனாலும் அங்கே வைக்காதீர்கள். எங்கள் ஊர்களில் எல்லாக் கோயிலுக்குள்ளும் எல்லோரும் ஒரேமாதிரி நுழைந்து, ஒரேமாதிரி அமர்ந்து, ஒரேமாதிரிப் பேசுவதில்லை. சாதியைப் பற்றிக் கூட்டத்தில் யாரும் ஒரு சொல்லும் சொல்லமாட்டார்கள், வராமல் இருந்துவிடுவார்கள். குப்பை அள்ளும் தொழிலாளி குழுவில் இருக்கும் ஒரு வேலையில் இதைக் கவனிக்காமல் விடுவது பெரும் அநியாயம். பள்ளிக்கூடமோ, சனசமூக நிலையமோ, ஒழுங்கையின் மரநிழலோ பாருங்கள். ஒரு பெரிய கூட்டத்தைவிட மூன்று இடங்களில் மூன்று சிறிய கூட்டங்கள் நல்லவை.

நேரமும் அப்படித்தான். ஞாயிறு காலை பத்து மணிக்கு வைத்தால் ஓய்வுபெற்ற ஆண்கள் வருவார்கள். பெண்கள் அடுப்படியில் இருப்பார்கள். ஒரு கூட்டத்தையாவது அவர்களுக்கு வசதியான பின்னேரத்தில், பிள்ளைகளையும் கூட்டிவரலாம் என்று சொல்லி வையுங்கள்.

கூட்டத்தில் பேசவிடும் முன் எழுதவிடுங்கள். ஆளுக்கொரு கடதாசி, பத்து நிமிடம், மூன்று யோசனைகள். எழுத விரும்பாதவர் பக்கத்திலிருக்கும் குழு உறுப்பினரிடம் சொல்லலாம். முதலில் பேச்சைத் தொடங்கினால் பழைய அதிபர் ஒருவர் எழுந்து இருபது நிமிடம் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அவர் கெட்டவர் அல்ல, நமது பழக்கம் அப்படி. எழுதிய பிறகு பேசினால் அவருடைய யோசனையும் மற்ற நாற்பதோடு ஒன்றாக மேசையில் கிடக்கும்.

7. இரண்டு ஒழுங்கையில் மூன்று வாரம் செய்து பாருங்கள்

சிறியதாக, மலிவாக, இலகுவில் நிறுத்தக்கூடியதாக இருக்கவேண்டும். நாங்கள் தெரிவு செய்தவை மூன்று: நேர அட்டவணையை அச்சிட்டு ஒவ்வொரு படலையிலும் கட்டுவது, வண்டி நுழையாத ஒழுங்கைக்குள் கைவண்டி அனுப்புவது, சனிக்கிழமை பின்னேரம் ஒரு மேலதிகச் சுற்று. புதிய வாகனம் வாங்கவில்லை. வாங்கிவிட்டால் அது பரீட்சார்த்தம் அல்ல, பிழைத்தாலும் விடமுடியாது.

தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம் அளவெடுங்கள். தினமும் அதே நேரத்தில், அதே முடக்கில் கிடக்கும் பைகளை எண்ணிக் குறிப்பது போதும். மாற்றம் எதுவும் செய்யாத மூன்றாவது ஒழுங்கையிலும் எண்ணுங்கள். இல்லாவிட்டால் பள்ளி விடுமுறையாலோ திருவிழாவாலோ வந்த மாற்றத்தை உங்கள் வெற்றியாகக் கணக்கு வைத்துவிடுவீர்கள். முன் அளவு எடுக்காமல் தொடங்குவதுதான் இந்தப் படியில் நான் அதிகம் கண்ட பிழை. அதைப் பின்னர் திருத்தவே முடியாது.

வண்டி வருவதை அறிவிக்க நாங்கள் முதலில் இசை போட்டோம். பாண் விற்கும் முச்சக்கர வண்டி என்று எண்ணிச் சனம் காசோடு வந்தது. பிறகு கைமணி. அருகில் இருந்த கோயிலின் மணியோடு அது குழம்பியது. கடைசியில் விசில் ஊதினோம், அது மட்டுமே நிலைத்தது. மூன்றையும் தேதியோடு எழுதி வெளியிட்டோம். தோற்றதை மறைத்தால் பக்கத்துச் சபை அதே இசையில் மறுபடி தொடங்கும்.

8. வரைவை வாசிக்கக்கூடிய தமிழில் எழுதித் திறந்துவையுங்கள்

"வகைப்படுத்தப்படாத கழிவுகளை ஒப்படைத்தல் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது" என்று எழுதாதீர்கள். "உக்கும் குப்பையையும் உக்காத குப்பையையும் வேறுவேறு பையில் தாருங்கள். கலந்து தந்தால் அன்று எடுக்கமாட்டோம்" என்று எழுதுங்கள். ஒவ்வொரு விதிக்கும் இலக்கம் இடுங்கள். கருத்துச் சொல்பவர் "4ஆம் விதி" என்று சுட்டவும், நீங்கள் அதற்கே பதில் எழுதவும் அது வழிசெய்யும்.

இணையத்தில் மட்டும் போட்டுவிட்டு மக்கள் கருத்துச் சொல்லவில்லை என்று குறைபடக்கூடாது. சனசமூக நிலையத்திலும், கூட்டுறவுக் கடையிலும், சந்தையிலும் அச்சுப்பிரதி தொங்கட்டும், பக்கத்தில் பேனையும் பெட்டியும் இருக்கட்டும். வாட்ஸ்அப், வைபர் குரல்பதிவும் ஏற்றுக்கொள்ளுங்கள். நான்கு வாரமாவது விடுங்கள்.

இனித்தான் முக்கியமான வேலை. வந்த ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு நிரை கொண்ட அட்டவணை: கருத்து, எந்த விதி, ஏற்றோமா, ஏன். எங்கள் வரைவில் இலைகுழையையும் சபையிடம் ஒப்படைக்கவேண்டும் என்று ஒரு விதி இருந்தது. ஒரு தோட்டக்காரர் பெட்டியில் போட்ட துண்டில், குழை தன் தோட்டத்துக்குப் பசளை, அதை வாங்கிக்கொண்டு போய்ச் சபை என்ன செய்யப்போகிறது என்று கேட்டிருந்தார். அவர் சொன்னது முற்றிலும் சரி. விதியை நீக்கினோம், நீக்கியதற்கான காரணமாக அவர் கேள்வியையே எழுதினோம். முதல் நாளிலிருந்தே தண்டப்பணம் வேண்டும் என்று இன்னும் பலர் எழுதினார்கள். அதை ஏற்கவில்லை, வண்டி ஒழுங்காக வராத இடத்தில் தண்டம் நியாயமில்லை என்று பதில் எழுதினோம். மறுத்த கருத்துக்குப் பதில் எழுதாமல் விட்டால் அடுத்தமுறை பெட்டி வெறுமையாக இருக்கும்.

9. சபை அமர்வுக்குக் கொண்டுபோதல்

எது தீர்மானத்தால் முடியும், எதற்குச் சபை இயற்றும் சட்டவிதியான உபவிதி வேண்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வண்டியின் நேரத்தையும் பாதையையும் மாற்றச் சபைத் தீர்மானம் போதும். மக்கள்மீது கட்டாயமும் தண்டமும் விதிப்பதென்றால் உபவிதி வேண்டும். மாகாண மட்ட அங்கீகாரமும் வர்த்தமானிப் பிரசுரமும் இல்லாமல் அது செல்லாது. இரண்டையும் ஒரே பொதியாகக் கட்டினால் உடனே செய்யக்கூடியதும் கோப்போடு சேர்ந்து தூங்கும்.

உறுப்பினர்களை அமர்வு நாளில் முதன்முதலாகச் சந்திக்காதீர்கள். ஆளும் தரப்பு, எதிர்த்தரப்பு என்று பாராமல் எல்லோரையும் பரீட்சார்த்த ஒழுங்கைக்கு ஒருநாள் காலையில் கூட்டிப்போங்கள். அறிக்கை இரண்டு பக்கம் இருக்கட்டும், கருத்து அட்டவணை இணைப்பாக இருக்கட்டும், செலவு பாதீட்டின் எந்தத் தலைப்பில் வரும் என்பதை எழுதிவிடுங்கள். செலவுத் தலைப்பு இல்லாத தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறும், பிறகு நடக்காது.

10. மாரியில் திரும்பிப் போங்கள்

கொள்கை நடைமுறைக்கு வந்து மூன்று மாதத்தில் ஒருமுறையும், மழைக்காலத்தில் ஒருமுறையும் அதே வண்டியின் பின்னால் போங்கள். கோடையில் வகுத்தது மழையில் நிற்காது. எங்கள் கைவண்டிகளின் சிறிய சில்லுகள் கார்த்திகைச் சேற்றில் புதைந்தன. ஒரு ஒழுங்கையில் வெள்ளம் வடியும்வரை கைவண்டி நுழையவே முடியவில்லை. தொழிலாளிகள் பழைய சைக்கிள் சில்லுகளைப் பூட்டக் கேட்டார்கள். மழைநாளுக்கு வேறு சேகரிப்பு இடம் குறித்த இரண்டாவது அட்டவணையும் தேவைப்பட்டது.

அப்போதும் முதலில் அந்த அம்மாவின் வீட்டுக்குத்தான் போனோம். உரப்பை இப்போதும் கதியாலில் தொங்கியது, ஆனால் வெளிப்பக்கமாக, நாய் எட்டாத உயரத்தில். விசில் கேட்டால் தொழிலாளியே அவிழ்த்து எடுத்துவிடுகிறார். படலையில் கட்டிய அட்டவணை மழையில் கரைந்து எழுத்து அழிந்திருந்தது. அடுத்த அச்சுக்குப் பிளாஸ்டிக் உறை போடவேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.